அக்காவின் தூள் விளம்பரம்

விளம்பரம் செய்து தருகிறேன் என்று ஊருக்குள் திரியத் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு பழைய லப்டொப்பும் ஒரு புதிய கடவுச்சீட்டும்தான். நான் வேலை செய்த யாழ்ப்பாணத்து அச்சகம், கடதாசி கிடைக்காத நெருக்கடிக் காலத்தில் ஆட்களைக் குறைத்தது. நானும் குறைந்தேன். எங்கள் தீவுக்கு, இறுப்பிட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தபின் கடவுச்சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் அந்த நிமிடமே புறப்பட்டுவிடலாம் என்று ஓர் எண்ணம். யாரும் கூப்பிடவில்லை.

சின்னக் கடைகளுக்கு முகநூலில் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில் என்று சொல்லிக்கொண்டேன். வாங்குகிற சனமே குறைந்துபோன நேரத்தில் விளம்பரம் எதற்கு என்று பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மரண அறிவித்தல்களுக்கு மட்டும் குறைவில்லை. இங்கே ஒருவர் போய்விட்டால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்குத் தெரிய வேண்டும். நடுவில் படம், ஒரு பக்கம் பிறந்த ஊர், மறுபக்கம் வாழ்ந்த ஊர், சுற்றிவர வெள்ளைப் பூ, கீழே ‘தொடர்புகளுக்கு’ என்று ஒரு நம்பர். கை தானாகவே செய்யும். உயிரோடு இருக்கிற ஒருவருக்காவது உருப்படியாக ஒரு விளம்பரம் செய்துவிட வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிக் கிடைத்தவர்தான் எங்கள் ஒழுங்கையில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிற அக்கா. கணவர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர், காலமாகிவிட்டார். மகள் கொழும்பில். அரைக்கிற மெஷின் ஒன்றை வீட்டுப் பின்பக்கம் பொருத்தி, அக்கா தனியாளாக நின்று வறுத்து இடித்து அரைத்தார். தூள் அருமையானது. விற்பனைதான் இல்லை. தைப்பொங்கலுக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தார்.

"அவளின்ர வீட்டில எனக்கு ஒரு அறை தருவாள். ரீவி பாக்கலாம். வேற என்ன செய்யிறது தம்பி?" என்றார் அக்கா. அவருடைய கை அப்போதும் சும்மா இருக்கவில்லை, மல்லி புடைத்துக்கொண்டிருந்தது.

நான் நவீனமாக ஒன்று செய்யலாம் என்றேன். கறுப்புப் பின்னணி, ஒரு கரண்டி, அதில் சிவப்பாகத் தூள். அக்கா சம்மதிக்கவில்லை.

"என்ர முகத்தைப் போடும். ஆரெண்டு தெரியாமல் எங்கட சனம் வாங்காது. நான் நாரந்தனையில பிறந்தனான், இஞ்ச கலியாணம் முடிச்சனான். அதையும் போடும். ரெண்டு ஊர்ச் சனமும் வாங்குமெல்லே?"

அதில் பிழை சொல்ல முடியாது. தீவில் எதை விற்றாலும் முதலில் கேட்கப்படுவது ஆரின்ர பிள்ளை, எந்த ஊர் என்பதுதான். அக்கா கொடுத்த படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. சிரிப்பில்லை. பின்னணியை வெட்டி இளநீலம் பூசினேன். மின்சாரம் போகப்போகிறது என்ற அவசரத்தில், முதல்நாள் செய்த ஓர் அறிவித்தலின் கோப்பைத் திறந்து, அதிலேயே படத்தையும் ஊர்களையும் மாற்றினேன். 'நாரந்தனையைப் பிறப்பிடமாகவும் இறுப்பிட்டியை வதிவிடமாகவும் கொண்ட' என்று கை தானாகவே அடித்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தூளைப் பற்றி இரண்டு வரி. 'தொடர்புகளுக்கு' என்று அக்காவின் நம்பர். இரண்டு ஊர்களின் முகநூல் பக்கங்களிலும் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை நயினாதீவில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. படகு ஏறுகிற குறிகட்டுவான் துறையில் பஸ்ஸால் இறங்கும்போது கொண்டக்டர் கேட்டார்.

"அண்ணை, உங்கட ஒழுங்கையில செத்தவீடாமே?"

"ஆர்?" என்றேன்.

"தூள் அரைக்கிற அக்காவாம். ஜெர்மனியிலயிருந்து என்ர தமையன் போன் எடுத்துச் சொன்னவர்."

முந்தினநாள்தானே நன்றாக இருந்தார் என்று போனை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் விளங்கியது. என் விளம்பரத்துக்குக் கீழே ஆழ்ந்த அனுதாபங்களாக வரிசை கட்டி நின்றன. கும்பிடும் கைகள், பூக்கள், 'ஓம் சாந்தி'. ஒருவர்கூடச் சின்ன எழுத்தை வாசிக்கவில்லை. நானும்தான் ஒரு மரண அறிவித்தலைக் கண்டால் படத்தையும் ஊரையும் பார்த்துவிட்டு அனுதாபம் எழுதுகிறவன். யாரைக் குறை சொல்வது?

படகு தயாராக நின்றது. நான் ஏறவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறி உட்கார்ந்தேன். நயினாதீவிலிருந்து வருகிற சனத்தை ஏற்றாமல் பஸ் வெளிக்கிடாது. எழும்பினேன், இருந்தேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அக்காவின் நம்பருக்கு எடுத்தால் நிறுத்தி வைத்திருந்தது. படுக்கும்போது போனை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். வெளிநாட்டிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

அக்கா வீட்டு வாசலில் வெள்ளைச் சேலையோடு இரண்டு பெண்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவர் அக்காதான். பந்தல்காரர் ஒருவர் எத்தனை தடி வேண்டும் என்று கேட்க வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அக்காவின் முழங்கைவரை சிவப்புத் தூள்.

"வாரும். என்னை நல்லாத்தான் வழியனுப்பி வச்சீர்!" என்றார். "கொஞ்சம் முந்திப் போனைப் போட்ட உடன கனடா மச்சாள் என்னட்டையே கேக்கிறாள், எப்ப பிரேதம் எடுக்கினமெண்டு. நான்தான் கதைக்கிறன் எண்டன். குளறி அழுதாள் பாரும், அவளுக்கு என்னவும் நடந்திடுமோ எண்டு நான் பயந்துபோனன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இப்பவே அழிக்கிறன்."

"நில்லும். எத்தனை பேர் எழுதியிருக்கினம்?"

சொன்னேன். அக்கா திருவிழாவுக்குக்கூட அத்தனை பேரை ஒன்றாகக் கண்டிருக்கமாட்டார்.

"உந்தப் போனைப் பிடியும். நான் கதைக்கிறன்."

வெளிச்சம் பின்னால் இருக்கிறது, கையைக் கழுவுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். கேட்கவில்லை. மெஷினுக்கு முன்னால் நின்றபடியே பேசினார்.

"நான் சாகேல்லை. தூள் அரைச்சுக்கொண்டு நிக்கிறன். எனக்காக அழுத ஆக்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கிலோ எடுங்கோ. எடுக்காட்டி நான் உண்மையா செத்தாப்பிறகு ஒருத்தரும் அழ வேண்டாம்."

அவ்வளவுதான். பின்னால் வெள்ளைச் சேலைக்காரிகள் சிரிப்பதும் அதில் பதிவாகிவிட்டது. வெட்டாமல், எழுத்து ஒன்றும் வைக்காமல், அப்படியே போட்டேன். நான் அச்சகத்தில் படித்த வித்தை எதுவும் அதில் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்ததும் உண்மை.

மத்தியானத்துக்குள் அனுதாபம் எழுதியவர்களே வெட்கப்பட்டுக்கொண்டு தூள் கேட்டார்கள். கொழும்பிலிருக்கும் தங்கைக்கு இரண்டு கிலோ, ஊருக்கு வந்து திரும்பும் மாமாவிடம் ஐந்து கிலோ என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பொங்கலுக்கு முன் அக்கா இரண்டு தடவை காய்ந்த செத்தல் மிளகாய் எடுப்பித்தார். மெஷின் விற்பனைக்கு இல்லை என்று மகளுக்குச் சொன்னபோது பக்கத்தில் நானும் நின்றேன். மகள் ஏதோ கோபித்துக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

பொங்கல் முடிந்த ஒரு நாள், பஸ்ஸில் அனுப்பும் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய விளம்பரத்தை என் லப்டொப்பிலிருந்தும் அழித்துவிடப் போவதாகச் சொன்னேன்.

"அழிச்சுப்போடாதேயும்," என்றார் அக்கா. "படம் வடிவா வந்திருக்கு. ஒருநாளைக்குத் தேவைப்படும். கீழ இருக்கிற நம்பரை மட்டும் மாத்தும். என்ர நம்பரைப் போட்டால் அண்டைக்கு ஆர் எடுக்கிறது?"

"மகளின்ர நம்பரைப் போடட்டோ?"

"அவள் கொழும்பில இருந்துகொண்டு என்னத்தைச் சொல்லப்போறாள்? உம்மட நம்பரைப் போடும். நீர் இஞ்சதானே நிப்பீர்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். சட்டைப் பைக்குள் கடவுச்சீட்டு குத்தியது.

அன்று பின்னேரம் கோப்பைத் திறந்து அக்காவின் நம்பரை அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன்.