மருதாணி மங்கும்வரை

பிள்ளைகளே, நேற்று மருதாணி நிறம் நிற்பதற்காகச் சுட்ட கிராம்பின் புகையில் கை காட்டினீர்களே, அந்த வாசனை என்னை மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் குப்பத்துக்கே கொண்டுபோய்விட்டது. எழுபதுகளில் எனக்கு ஏழு வயது. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாண மருதாணி மங்கும்வரை பெண் தாய்வீட்டில் இருக்கலாம், மங்கியதும் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அக்காவை அனுப்ப எனக்கு மனமில்லை. அவள் கையில் தண்ணீர் படாமல் காவல் காத்தேன். மீன் கழுவ விடமாட்டேன். தினமும் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிவிட்டு, சோறும் நானே ஊட்டினேன்.

"இன்னாடா, என்னை சாமி செலையாட்டம் குந்த வச்சிக்கினு கீறே!" என்று சிரிப்பாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவளைக் காணாமல் கடற்கரைக்குத் தேடிப் போனேன். அலையோரம் உட்கார்ந்து, ஈரமணலால் உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்றே? செவப்பு பூடும்க்கா!"

"போவட்டும்டா. உங்க மாமா அங்க ஒண்டியா கீறாரு. அம்மாகிட்ட சொல்லிடாத, கண்ணு."

சொன்னால் அம்மா திட்டுவாள், அக்கா அழுவாள். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.