நெபுலா தேடிப் போன மேய்ச்சல் நிலம்

நாங்கள் இருக்கும் ஓர்லிகோனின் நகர வெளிச்சத்தில் நெபுலா என்ற விண்முகில் படத்தில் சரியாக விழாது. அதனால் நானும் மனைவியும் ஒரு மணி நேரம் கார் ஓடிப்போய், மலையடி மேய்ச்சல் நிலமொன்றில் தொலைநோக்கியைப் பூட்டி, ஓரியன் நெபுலாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கச் சிவப்பு டோர்ச் மட்டும் எரிந்தது.

அந்த நிலத்தின் விவசாயி பின்னால் வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. முதல் அடி என் தோளில் விழுந்தது. "கள்ளர்" என்று ஜெர்மனில் கத்தியபடி அவர் தடியைத் திரும்ப ஓங்கித் தொலைநோக்கியை அடித்துச் சாய்த்தார். கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. தொலைநோக்கியைச் சமன்படுத்தும் இரும்பு எடை கழன்று காலடியில் கிடந்தது. அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து விழுந்தவரின் நெஞ்சில் ஏறியிருந்து மறுபடியும் ஓங்கினேன்.

மனைவி என் கையைப் பிடித்துத் தொங்கினாள். "விடுங்கோ, அந்தாள் செத்துப்போகும்."

"சாகட்டும்" என்றேன்.

அவள் பிடியை விடவில்லை. கடைசியில் நான் எழும்பினேன். அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுடைய சால்வையால் மூக்கைப் பொத்தியபடி, போன கிழமை தன் ஆடுகள் களவு போனதாக அவர் சொன்னார்.

"என்னிடம் கேட்டுவிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

"நீங்களும் கேட்டுவிட்டு அடித்திருக்கலாம்" என்று மனைவி ஜெர்மனில் பதில் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பொலிஸ் என் மீதும் அவர் மீதும் வழக்குப் பதிந்தது. திரும்பும்போது மனைவிதான் காரை ஓட்டினாள். வழியில் கேட்டாள்.

"நான் பிடிக்காட்டி அந்தாள் சாகுமட்டும் அடிச்சிருப்பியளோ?"

"ஓம்" என்றேன்.