மேகசின் மேல் விரித்த தார்ப்பாய்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் இடம் மாறி வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டாசு கம்பெனிக்கு நான் காவல்காரன். கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. சரவெடி செய்யவும் விற்கவும் கூடாது என்று கோர்ட்டு சொன்ன பிறகு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். முடிந்த வெடிகளை அடுக்கி வைக்கும் தனி அறையை நாங்கள் மேகசின் என்போம். அதில் சரவெடிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. கதவுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அது தடைக்கு முன்னால் செய்த சரக்கு, அதற்குத் தடை பொருந்தாது என்று முதலாளி வழக்குப் போட்டார். தோற்றார். மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போனார். அப்பீல் முடியும்வரை சரக்கை விற்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது, அறையைத் தொடவும் கூடாது. வருஷங்கள் போய்விட்டன. அப்பீல் அங்கேயே கிடக்கிறது, பெட்டிகள் இங்கேயே கிடக்கின்றன.

என் மனைவி இதே கம்பெனியில் சரம் பின்னியவள். இப்போது ஆடு வளர்க்கிறாள். வேறு வீடு இல்லாததால் இருவரும் காவல் கொட்டகையிலேயே இருக்கிறோம். மேகசின் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

போன மழைக்கு மேகசினின் மேல்தளத்தில் விரிசல் விட்டது. வெளிச்சுவரில் தண்ணீர் இறங்கிய கறை தெரிந்தது. அலுமினியப் பொடி கலந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். இந்தப் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. அந்த மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் தளத்தைப் பூச வேண்டும் என்று கேட்க முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"ஒரு செங்கலத் தொட்டாலும் கேஸு கெட்டுப்போகும்னு வக்கீல் சொல்லிட்டாருப்பா. விரிசலப் பூசுறதுக்கும் கோர்ட்டுலதான் அனுமதி கேட்டிருக்கு" என்றார்.

"அது எப்ப வரும் மொதலாளி?"

"வாய்தா போட்டிருக்கு."

அடுத்த மாதமும் போனேன். அதே வாய்தா. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மழையையும் வாய்தா போடச் சொல்லிட்டு வர வேண்டியதுதான?" என்றாள்.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எம்புட்டு நாளைக்கு இப்படியே மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருப்பீக? அது வெடிச்சா மொதல்ல போறது நாமதான்."

மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது மேகசின் தளத்தில் நீலத் தார்ப்பாய் கிடந்தது. ஆட்டுக்குட்டி ஒன்றை விற்று வாங்கியிருக்கிறாள். ஏணி வைத்து ஏறி, விரித்து, நாலு ஓரமும் கல் வைத்திருந்தாள். கதவுப் பக்கம் அவள் போகவே இல்லை. அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தீபாவளி நெருங்கும்போது அதிகாரிகள் சீலைப் பார்க்க வந்தார்கள். கூடவே போலீசும் வந்தது. சீல் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு போலீஸ்காரர் மேலே ஏறித் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"ஓட்டையப் போட்டு, தார்ப்பாய வச்சு மூடிட்டியாலே? இப்ப சரவெடிக்கு நல்ல ரேட்டு, இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

அவள்தான் முன்னால் வந்தாள்.

"நாந்தான்யா போட்டேன். அது ஓட்டை இல்ல, விரிசல். உள்ள ஒரு பூனை நுழையுமான்னு பாத்துச் சொல்லுங்க."

"சீல் வச்ச எடத்துல ஏற ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"ஒழுகுறதுக்கு யாருய்யா அனுமதி குடுத்தா?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகிவிட்டது என்று நினைக்கிறேன். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். சீல் வைத்த இடத்தில் அத்துமீறியது, திருட முயன்றது என்று வழக்கு. முதலாளி தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மைத்துனன்தான் ஜாமீனில் எடுத்தான். அவளுக்கும் இப்போது வாய்தா இருக்கிறது. கோர்ட்டு வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, "மேகசினுக்கும் எனக்கும் யாரு கேஸு மொதல்ல முடியும், பந்தயம் கட்டுவோமா?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தார்ப்பாயைச் சாட்சிப் பொருள் என்று சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேறொன்று போடட்டுமா என்று கேட்கச் சொல்லி மைத்துனனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். போட்டால் ஜாமீன் ரத்தாகும் என்றார்களாம். விரிசல் திறந்தே கிடக்கிறது. அதைப் பூசக் கேட்ட மனு கோர்ட்டுக்குத் தீபாவளி லீவு முடிந்துதான் வரும்.

மழை வரும்போல இருந்ததால் இன்று காலையில் சாமான்களை ரோட்டோரப் பாலத்தடிக்குக் கொண்டுபோய்விட்டோம். ஆடுகளும் அங்கேதான். ஆனால் மழை பிடித்தால் மேய்க்கிறவர்கள் ஒதுங்க ஓடி வருவது எங்கள் கொட்டகைக்குத்தான். வேறு கூரை இந்தக் காட்டில் இல்லை. அதனால் தெற்கே வண்டிப்பாதையில் அவள் நிற்கிறாள். வடக்கே கேட்டடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு வாய் திறந்து சத்தம் போட வேண்டும். இதுவரை இரண்டு பேரைத் திருப்பிவிட்டேன்.

வெம்பக்கோட்டை அணைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. தாளில் ஒரு சொட்டு விழுந்து இந்த வரி கலைந்திருக்கிறது. அவள் நிற்கும் இடம் இங்கிருந்து தெரிகிறது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேகசினையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஐப்பசி ஒன்பது, சனிக்கிழமை.