குருவம்மாளின் சாட்சி

குருவம்மாளைக் காசு வாங்கிய சாட்சி என்று ஆர்குட்டில் எழுதியவர்களில் ஒருவன்கூட அவளை நேரில் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள் அவள். நான் அங்கே ஆள் ஏற்றும் வேன் ஓட்டினேன். ஒரு தீபாவளி சீசனில் அங்கே மருந்து வெடித்து அவள் தங்கை செத்துப்போனாள். போர்மேன் சாபிர் திருட்டுத்தனமாகக் குண்டு செய்தான் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பையன்கள் எழுதினார்கள். கட்சிக்காரர்கள் அதையே நோட்டீஸாக அடித்தார்கள். போலீஸும் அவரையே பிடித்தது.

குருவம்மாள் மட்டும் மறுத்தாள். "ஆர்டர் முடியணும்னு, கூடாதுன்னு தெரிஞ்சும் எங்கள மரத்தடியில உக்காரவச்சு மருந்து அடைக்கச் சொன்னது மொதலாளி. சாபிர் அண்ணன் வேண்டாம்னு சண்ட போட்டாக."

"தங்கச்சியப் பறிகொடுத்துட்டு அவனுக்கா பேசுத?" என்று ஊரில் கேட்டார்கள்.

"செத்தது எந்தங்கச்சி. பொய் சொல்லி அவளுக்கு நியாயம் வேண்டாம்."

அடுத்த வருஷம் சாட்சி சொல்ல அவளை நான்தான் கூட்டிப்போனேன். என் வேனில் அவள் ஏறியது அன்றுதான் கடைசி. பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. அன்று கோர்ட்டு முன்வாசலில் கட்சிக் கொடியோடு கூட்டம் நின்றது. வேனைப் பின்சந்துக்குத் திருப்பினேன்.

"முன்வாசலுக்கே விடுங்கண்ணே" என்றாள். "கம்ப்யூட்டர்ல ஏசுனவன் மூஞ்சிய ஒருதடவ பாத்துட்டு உள்ள போறேன்."