முழுதாகச் செருகாத பிளக்

தவறு என்னுடையதுதான். எங்கள் இசைக்குழுவில் கிற்றார் வாசித்த சேகர் ஷெல் குண்டு பட்டு இறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடியும்வரை அயலில் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் அடுத்த வாரத் திருவிழாக் கச்சேரியில் அவனிடத்தில் நான் வாசிக்க வேண்டியிருந்தது. அவனுடைய கிற்றாரும் அம்ப்ளிஃபயரும் எங்கள் வீட்டில்தான் கிடந்தன.

ஹெட்ஃபோனைச் செருகினால் அம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். செருகினேன், ஒரு காதில்தான் கேட்டது. பிளக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். இரண்டு காதிலும் கேட்டது! என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, பின்னேரங்களில் சேகர் முதலில் வாசிக்கும் மெட்டை வாசித்தேன்.

நிமிர்ந்தபோது வாசலில் அவன் அம்மா மூச்சு வாங்க நின்றார். ஹெட்ஃபோனைக் கழற்றினேன். கடைசியாக மீட்டிய கம்பியின் நாதம் ஸ்பீக்கரிலிருந்து உரத்து வந்துகொண்டிருந்தது. பிளக் அரைகுறையாக நின்றதால் அது அடங்கவே இல்லை.

“சேகர் வந்திட்டானெண்டு ஓடி வந்தனான், தம்பி.”

“ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்று பதறி, பிளக்கை முழுதாக உள்ளே அழுத்தினேன். நாதம் பட்டென்று அறுந்தது. அதுவரை அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

“ஏன் ராசா நிப்பாட்டினனீ?” என்றார்.

அந்த நாதம் தானாக அடங்கும்வரையாவது நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.