ஆறு மணி, மேல!

ஜோஸ்லின் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். கோவையில் குண்டுகள் வெடித்த பிறகு அந்தப் பயம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஷட்டரை இழுத்து இறக்கினால் போதும், கையிலிருக்கும் சாக்பீஸ் நழுவிவிடும். கோவைக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரத்து வீட்டிலிருந்து, சுங்கம் பகுதியில் அவள் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு நடந்தே போவாள். வழியில் ஆளில்லாமல் ஒரு சைக்கிள் நின்றால்கூட எதிர்ச் சாரிக்கு மாறிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் 1999-ல் குண்டு போடும் விமானத்தில் ஏறினாள். ஏற்றிவிட்டவன் இஸ்மத். உக்கடத்துக்காரன், சென்டரின் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். இரண்டாம் உலகப் போர் விமானங்களை வைத்து இன்டர்நெட்டில் பல பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு விமானத்தை ஓட்டுவார்கள். இஸ்மத் ஓட்டும் விமானத்தில் ஜோஸ்லின் வால் பக்கத் துப்பாக்கியைப் பிடிப்பாள். இலக்கு வந்ததும் குண்டு போடுவாள். போன் லைன் ஒன்று முன்னறையில், இன்னொன்று உள்ளறையில். அவன் அங்கே, இவள் இங்கே. நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும்.

போன தடவையெல்லாம் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். நான் முந்தி, நீ முந்தி என்று ஆளாளுக்குப் பறந்ததை ஜோஸ்லின் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒருத்தரை ஒருத்தர் பாக்காமப் பறக்கறோமுங்க இஸ்மத். அதனாலதான் ஒவ்வொருத்தரா மாட்டறோம்" என்றாள் ஒருநாள்.

தெரிந்த இங்கிலீஷில் மற்றவர்களுக்கும் தட்டிவிட்டாள். நம் எல்லைக்குள்ளேயே முழு உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். ரொம்ப மெதுவாகப் பறக்கிறவனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். முன்னால் போகிறவன் குண்டு போடும்போதுதான் மற்றவர்களும் போட வேண்டும். எதிரி வரும் திசையைக் கடிகார முகம்போலச் சொல்ல வேண்டும். மூக்கு பன்னிரண்டு மணி, வால் ஆறு மணி. நம்மைவிட உயரத்தில் வந்தால் 'மேல'. நம்மூர் மெதுவான போன் லைனில் எதிரி தாவித் தாவித்தான் தெரிவான் என்பதால், புள்ளியாகத் தெரியும்போதே சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்படியே பறந்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு பெண் டைப் பழகிக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மா சின்னாத்தாள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு மணி, மேல! வாரான்!" ஜோஸ்லின் தட்டிக்கு இந்தப் பக்கம் கத்தினாள்.

"ரயில்வே ஸ்டேஷன் தெரியுதுங்களா?" அன்றைய இலக்கைத்தான் இஸ்மத் கேட்டான்.

"தெரியுதுங்க. நேராப் புடிங்க. குண்டு போட்டுர்றேன்."

முதல் தடவையாக எல்லா விமானமும் திரும்பி வந்தது. ஜோஸ்லின் கைதட்டிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். பெஞ்சில் சின்னாத்தாள் இல்லை. அந்தப் பெண்ணின் நாற்காலியும் காலி. மெஷின் அணைக்காமல் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. மேலே ஏறிவந்த போலீஸ்காரர்கள் ஜோஸ்லினை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இஸ்மத்திடம் பேரை மட்டும் கேட்டார்கள். பேரைச் சொன்னதும் சட்டையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார்கள். சென்டருக்குள் செருப்புப் போடக்கூடாது என்பதால் அவன் வெறுங்காலோடு போனான்.

 ஜோஸ்லினுக்கு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. வாசலில் கிடந்த அவனுடைய செருப்பைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் வயர்லெஸ் அலறிக்கொண்டிருந்தது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்களை வெளியே அனுப்புவதாக யாரோ சொன்னார்கள். உள்ளே இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமியின் குரல்: "ஆறு மணிக்கு எங்க வெச்சிருக்கற? மேலன்னா எந்த மேல?"

சின்னாத்தாள் எதைக் கேட்டுப் போலீசுக்கு ஓடினாள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"சார், அது நேரமில்லீங்க, பக்கமுங்க" என்று உள்ளே போய் நின்றாள். "நான்தானுங்க கத்துனது. விளையாட்டுங்க சார். கம்ப்யூட்டர்ல ஆடறதுங்க."

லட்சுமணசாமி அவளையும், அவள் கையிலிருந்த ஆம்பளைச் செருப்பையும் பார்த்தார். "காட்டு அம்மணி, பாக்கலாம்."

"இவரில்லாம ஆட முடியாதுங்க சார். ஓட்டறது இவருதானுங்க."

இஸ்மத்தையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. ஜோஸ்லின் நீட்டிய செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டான்.

சென்டரில் முதலில் லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். மோடம் கீச்சென்று கத்த, ஒரு கான்ஸ்டபிள் பின்னால் தாவினார். மூன்றாம் முறை கிடைத்தது. ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் மட்டும் கூட வந்தார். விமானம் எழும்பியது. பாதி வழியில் வாலுக்குப் பின்னால் ஒரு புள்ளி தெரிந்தது. ஜோஸ்லின் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எந்த வார்த்தை அவனை அடி வாங்க வைத்ததோ அதே வார்த்தையைத்தான் இப்போது இத்தனை போலீஸ்காரர்கள் நடுவில் சொல்ல வேண்டும்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இஸ்மத் மெதுவாகக் கேட்டான்: "சொல்லுங்க ஜோஸ்லின். நீங்க சொன்னாத்தானுங்க நான் திருப்ப முடியும்."

"ஆறு மணி" என்றாள். "மேல. மேல வாரான்."

விமானம் சாய்ந்து திரும்பியது. எதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனான். லட்சுமணசாமி திரையில் விரலை வைத்து, "இதா ஆறு மணி? வாலா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். குண்டு போடும்வரை அவர் உட்காரவில்லை. லைன் அறுந்து திரை உறைந்த பிறகு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஆறு தாண்டட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கியே இருங்க" என்றார். ஆறு தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. இஸ்மத்தைப் பார்க்காமலே, "போப்பா" என்றார்.

திங்கட்கிழமை சின்னாத்தாள் வந்தாள். "என்ற மக உள்ள உக்காந்திருந்தா கண்ணு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்று கண்ணைத் துடைத்தாள். ஜோஸ்லினுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். இஸ்மத் அந்த நேரம் சென்டருக்கு வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் இருவரும் கத்துவதை விட்டு எழுத்தில் தட்டிப் பார்த்தார்கள். அவள் தட்டி முடிப்பதற்குள் எதிரி நெருங்கிவிடுவான், விமானம் விழும். சில வாரம் அப்படி ஓடியது. பிறகு இஸ்மத் ஆட்டத்தைத் தன் கையாலேயே மெஷின்களிலிருந்து அழித்தான். அடுத்த மழைக்காலத்தில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் அவள் சொன்ன முறையில்தான் பறக்கிறார்கள் என்று மெயில் வந்தது. ஜோஸ்லின் அதை இஸ்மத்துக்கு அனுப்பிவைத்தாள். 'சந்தோஷமுங்க' என்று மட்டும் பதில் போட்டிருந்தான்.