கண்ணாடிக்குள் ஒரு பாஸ்போர்ட்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு யார் போனாலும், அத்தான் முதலில் காட்டுவது தன் பாட்டனாரின் பாஸ்போர்ட்டைத்தான். மலாயா ரயில்வேயில் கிளாக்கர் வேலைக்காக நூறு வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியவர் அவர். தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு படம். பக்கத்தில் நெற்றி அகலம், மூக்கு நேர் என்று ஆங்கிலத்தில் அங்க அடையாளங்கள். அதைக் கண்ணாடி போட்டு, சாமிப் படங்களுக்கும் மேலே மாட்டியிருந்தார்.

"அந்தக் காலத்திலயே நாங்கள் முறையாப் போன ஆக்கள்" என்பார்.

வெள்ளைக்காரனுக்குக் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது, கடதாசி கொடுத்தான். சுவரில் ஆணி அடித்ததைத் தவிர இதில் அத்தானின் பங்கு என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர்களுடைய பேஸ்மென்ட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். யாரோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் பல நாடுகள் சுற்றி வந்து, அகதி வழக்குப் போட்டிருந்தாள். ஒரு மாசி மாதம், நான் அங்கே போயிருந்தபோது மேலே ஏறி வந்தாள். இந்த விலாசத்தில்தான் இருக்கிறாள் என்று ஒரு கடிதம் தரும்படி வழக்கறிஞர் கேட்டாராம்.

அத்தான் அவளை இருக்கவும் சொல்லவில்லை.

"கள்ளப் பாஸ்போர்ட்டில வந்த ஆக்களுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. உங்களாலதான் எங்கட சனத்துக்கே கெட்ட பேர்." சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பாட்டனாரைக் காட்டினார்.

எனக்கு வாய் துடித்தது. அதற்குள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா வந்துவிட்டாள்.

"அப்ப நான் ஆற்ற பாஸ்போர்ட்டில வந்தனான்?"

"உது வேற கதை."

"என்ன வேற? ஒரு சிங்கப்பூர்க்காரியின்ர பாஸ்போர்ட்டில வந்து, வழக்காடி, பேப்பர் எடுத்துத்தானே உங்களை ஸ்பொன்சர் பண்ணினனான். நீங்கள் முறையா வந்தது அதாலதான்."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இத்தனை வருடங்களாக அக்காவின் தயவில் இந்த நாட்டில் இருக்கும் மனிதர். அந்த வாயிலிருந்து நன்றி வரும் என்று நான் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. கொஞ்சம் வெட்கமாவது வந்திருக்கலாம்.

அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்து கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

"வீடு என்ர பேரிலயும்தான் இருக்கு. இந்தாங்கோ பிள்ளை, கொண்டுபோய்க் குடுங்கோ."

அந்தக் கோடையில் அந்தப் பெண் வழக்கில் வென்றாள். பக்கத்திலுள்ள அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் கேக் வாங்கிக்கொண்டு நேரே மேலே வந்தாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, முதல் துண்டை வெட்டி வாயில் போட்டவர் அத்தான்தான்.

"நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். "எந்தக் கடை?"